தோற்ற மாதத்தில் வந்த வெற்றிக் கதை: 'மில்க்' படமும் அதைப் பார்த்தவர்களும்

தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய சான் பிரான்சிஸ்கோ அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் வாழ்க்கையைச் சொல்லும் 'மில்க்' படத்தின் முதல் திரையிடல் 2008 அக்டோபர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ திரையரங்கில் நடந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று, கலிபோர்னியா வாக்காளர்கள் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 8ஆம் முன்மொழிவை (மக்களின் நேரடி வாக்குக்கு விடப்படும் சட்ட முன்வரைவு) 52 சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான வாக்குகளால் நிறைவேற்றினார்கள். படம் பொதுத் திரையரங்குகளுக்கு வந்தது நவம்பர் 26. மறுநாள், படத்தின் நாயகன் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டதன் முப்பதாம் ஆண்டு நினைவு நாள்.

வாழ்க்கை வரலாற்றுப் படம் எதற்கும் இப்படியொரு நாட்காட்டி அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை. காரணம் இதுதான்: படத்தின் உச்சமே ஒரு வாக்கெடுப்பு வெற்றி. அதே கலிபோர்னியா, அதே நவம்பர் முதல் வாரம், அதே மாதிரி ஒரு முன்மொழிவு. ஆனால் ஆண்டு 1978. திரையில் இருப்பவர்கள் ஜெயிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதுதான் தோற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு வந்த எதிர்வினைகளை இந்த முரணை விட்டுவிட்டுப் படித்தால் பாதிதான் புரியும்.

பொதுவாக இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதும்போது, 'இது எத்தனை பேரின் மனதை மாற்றியது' என்றுதான் கேட்பார்கள். 'மில்க்' விஷயத்தில் அது தவறான கேள்வி என்பது என் எண்ணம். எதிர்த்தரப்பை இது பெரிதாக மாற்றவில்லை. தன் பக்கத்து ஆட்களின் பொறுமையைத்தான் குலைத்துப்போட்டது.

முன்கதை

ஹார்வி மில்க் 1930-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார், பள்ளியில் பாடம் எடுத்தார், வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு, 1972-ல், சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு காதலர் ஸ்காட் ஸ்மித்தோடு சேர்ந்து, தன்பாலீர்ப்பாளர்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்த காஸ்ட்ரோ தெருவில், 575ஆம் எண்ணில் ஒரு கேமரா கடை திறந்தார். கடையில் வியாபாரம் சுமார்தான், ஆனால் அரசியல் பேச்சுக்குக் குறைவில்லை. 1973, 1975 என இருமுறை நகர அவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்; 1976-ல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றும் தோற்றார். 1977 நவம்பரில், வட்டாரவாரியாகத் தேர்தல் நடத்தும் முறை வந்த பிறகு, பதினொரு பேர் கொண்ட நகர மேற்பார்வையாளர் அவைக்குத் தேர்வானார். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கலிபோர்னியாவில் மக்கள் பதவிக்கு வந்த முதல் ஆண் அவர்.

பதவியில் இருந்தது பதினொரு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் வேலை, வீடு ஆகியவற்றில் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்குவதைத் தடைசெய்யும் நகரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது டான் வைட் என்ற உறுப்பினருடையது. நாய் வளர்ப்பவர்களே தெருவில் அதன் கழிவை அள்ள வேண்டும் என்ற சட்டமும் ஹார்வியுடையதுதான். நகரத்துப் பொதுஜனத்திடம் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது பின்னதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளூர் அரசியல் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பெரிய போர் 6ஆம் முன்மொழிவு. தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களை ஆதரித்துப் பேசுபவர்களும் அரசுப் பள்ளிகளில் வேலை பார்க்கக் கூடாது என்று ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் கொண்டுவந்தது. 1978 நவம்பர் 7 அன்று அது ஐம்பத்தெட்டு சதவீதத்துக்கு மேற்பட்ட எதிர் வாக்குகளில் தோற்றது. இருபது நாள் கழித்து, பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த டான் வைட், நகர மண்டபத்துக்குள் புகுந்து மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் ஹார்வியையும் சுட்டுக் கொன்றார்.

படம் எடுத்தவர் கஸ் வான் சான்ட். திரைக்கதை டஸ்டின் லான்ஸ் பிளாக். மார்மன் மதக் குடும்பத்தில் வளர்ந்த இளைஞர். ஹார்வியாக நடித்தவர் ஷான் பென்.

காஸ்ட்ரோவில்

2008-ன் தொடக்கத்தில் படப்பிடிப்பு நடந்தபோதே பார்வையாளர்களின் எதிர்வினை தொடங்கிவிட்டது. கேமரா கடை இருந்த அதே இடத்தில், அப்போது ஒரு பரிசுப்பொருள் கடை நடந்துகொண்டிருந்தது. அதைப் பழைய கடையாகவே மாற்றிக் கட்டினார்கள். காஸ்ட்ரோ திரையரங்கின் முகப்பு விளக்குகளுக்குப் புதுப் பூச்சு கிடைத்தது. கொலை நடந்த இரவின் மெழுகுவர்த்தி ஊர்வலத்தைத் திரும்ப எடுத்தபோது ஆயிரக்கணக்கான நகரவாசிகள் வந்து நடந்தார்கள். 1978-ல் உண்மையாகவே நடந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நடிகர் பட்டியலும் அப்படித்தான். ஹார்வியின் இளம் சீடராக இருந்த கிளீவ் ஜோன்ஸ் படத்துக்கு வரலாற்று ஆலோசகர். அவர் வேடத்தில் எமில் ஹிர்ஷ் நடிக்க, அவரே சின்னதாக முகம் காட்டியும் போனார். ஹார்வியின் உதவியாளர் ஆன் குரோனன்பர்க், புகைப்படக்காரர் டேனி நிகோலெட்டா, அரசியல்வாதி டாம் அமியானோ எனப் பலரும் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறார்கள். ஆகவே அக்டோபர் 28 அன்று அரங்கில் இருந்த பலருக்கு இது ஒரு பிரபலத்தின் கதையாக இல்லை. சொந்தத் தெருவை, சொந்த இளமையை, அந்தத் தெருவிலேயே இருக்கும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

படம் ஆரம்பிக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நடிகர் யாரும் இல்லை, வசனம் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைச் செய்திச் சுருள்: மதுக்கூடங்களில் போலீஸ் சோதனை; கோட்டு, டை போட்ட ஆண்கள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு வண்டியில் ஏறுகிறார்கள். ஒருவர் எரிச்சலில் கேமராவை நோக்கிக் கையிலிருப்பதை வீசுகிறார். வெறும் தலைப்பு எழுத்துகள் ஓடும் நேரம்தான் அது. ஆனால் அறுபது வயதைக் கடந்த பார்வையாளர்களுக்கு, அந்த முகங்களில் ஒன்று தனக்குத் தெரிந்தவருடையதாக இருக்கலாம் என்ற வாய்ப்பு உண்மையானது. இளையவர்களுக்கு அது வரலாற்றுப் பாடம். ஒரே அரங்கில் இரண்டு தலைமுறை இரண்டு வேறு படம் பார்த்தது.

இரண்டு தலைமுறை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 1980களில் எய்ட்ஸ் அந்தத் தெருவைத் துடைத்துப்போட்டது. ஸ்காட் ஸ்மித் 1995-ல் இறந்தார். கிளீவ் ஜோன்ஸ் பின்னாளில் அறியப்பட்டதே, இறந்தவர்களின் பெயர்களைத் தைத்துச் சேர்த்த எய்ட்ஸ் நினைவுப் போர்வைக்காகத்தான். ஹார்வியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய தலைமுறையில் பாதிப்பேர் இல்லாமல் போனார்கள். 2008-ல் படம் பார்த்த பல இருபது வயதுக்காரர்கள் ஹார்வியின் பெயரையே அப்போதுதான் முதல்முறை கேட்டார்கள் என்றால் அதற்குப் பள்ளிப் பாடநூல் மட்டும் காரணமில்லை. இத்தனைக்கும் ராப் எப்ஸ்டீன் எடுத்த 'தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்' ஆவணப்படம் 1984-லேயே வந்து ஆஸ்கரும் வாங்கியிருந்தது.

துண்டுப்பிரசுரக் காட்சி

நவம்பர் 4-க்குப் பிறகு படம் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பப் பேசிய பகுதி கொலையோ காதலோ அல்ல. 6ஆம் முன்மொழிவை எதிர்க்கத் தயாராகும் ஒரு கூட்டத்தின் காட்சி. வசதியும் செல்வாக்கும் உள்ள, நிதானமான தன்பாலீர்ப்புத் தலைவர்கள் ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்திருக்கிறார்கள். மனித உரிமை, அரசின் தலையீடு என்று பொதுவாக என்னென்னவோ இருக்கிறது. ஹார்வி வாங்கிப் படிக்கிறார். 'கே' (தன்பாலீர்ப்பாளர்) என்ற சொல் எங்கேயுமே இல்லை. அவருக்குக் கோபம் வருகிறது.

அடுத்து அவர் தன் வீட்டில் இளைஞர் கூட்டத்தைச் சேர்த்துப் பேசுவது வருகிறது. எல்லோரும் வெளியே சொல்லுங்கள். அப்பா அம்மாவிடம், நண்பர்களிடம், வேலை இடத்தில். நம்மில் ஒருவரைத் தெரியும் என்று தெரிந்தால்தான் அவர்கள் நமக்கு எதிராக வாக்களிக்கத் தயங்குவார்கள். சொல்லிவிட்டு, அங்கிருக்கும் ஒருவனை அப்போதே வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறார். இது நியாயமா என்று ஸ்காட்டுக்கே சங்கடம். அந்தச் சங்கடத்தைப் படம் மறைக்கவில்லை. எனக்கு இந்தப் படத்தில் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

இப்போது 2008-க்கு வருவோம். 8ஆம் முன்மொழிவை எதிர்த்த பிரசாரத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில் தன்பாலினத் தம்பதிகள் கிட்டத்தட்ட கண்ணிலேயே படவில்லை. அநியாயம், பாகுபாடு, அரசியல் சாசனம் என்று பேசினார்கள். யாருடைய திருமணத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களைக் காட்டவில்லை. நடுநிலை வாக்காளர்கள் மிரண்டுவிடக் கூடாது என்பது கணக்கு. ஆதரித்த தரப்போ நேரடியாகப் பேசியது: பள்ளிக்கூடத்தில் உங்கள் குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள் என்றது. 1977-ல் ஃப்ளோரிடாவில் பாடகி அனிதா பிரையன்ட் தன்பாலீர்ப்பாளர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றக் கிளம்பினார், 1978-ல் பிரிக்ஸ் பள்ளிகளைக் காப்பாற்றக் கிளம்பினார், 2008-லும் குழந்தைகள்தான். படத்தில் அனிதா பிரையன்ட் வேடத்தில் யாரும் நடிக்கவில்லை. அவருடைய உண்மையான செய்திப் பதிவுகளையே ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்தவர்களுக்கு, தேர்தல் வரை தொலைக்காட்சியில் ஓடிய விளம்பரங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா?

ஆக, திரைக்கதை எழுதப்பட்டபோது 1978-ன் உள்சண்டையாக மட்டும் இருந்த ஒரு காட்சி, வெளிவந்தபோது அந்த மாதத் தோல்வியின் பிரேதப் பரிசோதனை அறிக்கையாகிவிட்டது. எழுதியவர் இதை முன்கூட்டித் திட்டமிட்டிருக்கவே முடியாது. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணமே சட்டமாகவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 2008 மே மாதம்தான், அதற்குள் படப்பிடிப்பு முடிந்திருந்தது.

வரலாற்றுக் கணக்கில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1978-ல் கிடைத்த வெற்றிக்கு 'வெளியே சொல்லுங்கள்' என்ற உத்தி மட்டும் காரணமில்லை. அப்போது முன்னாள் ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் முன்மொழிவை எதிர்த்தார். அதிபர் கார்ட்டரும் எதிர்த்தார். ஆசிரியர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், லாஸ் ஏஞ்சலஸ் குழுக்கள் என்று பலர் வேலை பார்த்தார்கள். அந்த நிதானமான தலைவர்களின் பணமும் தொடர்புகளும் சும்மா போகவில்லை. ஹார்வி சொன்னபடி செய்திருந்தால் 2008-லும் ஜெயித்திருக்கலாம் என்று படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் எடுத்த முடிவு ஓரளவுக்குத்தான் சரி.

அக்டோபரிலேயே வந்திருந்தால்?

தோல்விக்குப் பிறகு கிளம்பிய இன்னொரு கேள்வி இது. தயாரிப்பு நிறுவனமான ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் படத்தை வெனிஸ், டொராண்டோ விழாக்களுக்கு அனுப்பவில்லை. தேர்தலுக்கு முன் அமைதியாகவே வைத்திருந்தது. விருதுப் பருவத்தை மனதில் வைத்து நவம்பர் இறுதியில் வெளியிடுவது ஹாலிவுட் வழக்கம்தான். ஆனால் முன்பே வெளியிட்டிருந்தால் முன்மொழிவு தோற்றிருக்குமே என்று பலர் ஆதங்கப்பட்டார்கள். சிலர் நிறுவனத்தைக் கோழை என்றே திட்டினார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வாரத்தில் படம் வெளியானது 36 திரையரங்குகளில். ஓர் அரங்குக்கு வந்த சராசரி வசூல் மிக அதிகம். ஆனால் அந்த அரங்குகள் எங்கே இருந்தன, யார் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மொத்தம் சுமார் 3 கோடியே 20 லட்சம் டாலர் வசூலித்தது. இரண்டு கோடி டாலரில் எடுத்த படத்துக்கு இது கௌரவமான தொகை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த 'ப்ரோக்பேக் மவுண்டன்' அதே நாட்டில் 8 கோடியைத் தாண்டியது. இரண்டு ஆண்கள் காதலித்துத் துன்பப்படும் கதைக்கு வந்த பொதுப் பார்வையாளர்களில் பலர், ஓர் ஆண் ஓட்டுக் கேட்டு ஜெயிக்கும் கதைக்கு வரவில்லை. துன்பத்துக்கு இரங்குவது சுலபம். உரிமை கேட்பவரைச் சகித்துக்கொள்வது கடினம். இந்தியப் பார்வையாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாக்களிக்கத் தயங்கியவர்கள் இந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்தவர்கள்.

டிக்கெட் எடுப்பதே ஒரு அரசியல் ஆகிப்போனதும் அந்த மாதத்தில்தான். சினிமார்க் என்ற திரையரங்கச் சங்கிலியின் தலைமை அதிகாரி 8ஆம் முன்மொழிவுக்கு ஆதரவாக 9,999 டாலர் கொடுத்திருந்தது தேர்தல் நன்கொடைப் பதிவுகளில் தெரியவந்தது. அந்த அரங்குகளில் 'மில்க்' பார்க்காதீர்கள், வேறு இடத்தில் பாருங்கள் என்று பிரசாரம் கிளம்பியது. ஹார்வியே எழுபதுகளில் கூர்ஸ் பீரைப் புறக்கணிக்கச் சொல்லி, லாரி ஓட்டுநர் சங்கத்தோடு கைகோத்து அரசியல் செய்தவர். படத்திலும் அது வருகிறது. இதே நன்கொடை விவகாரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விழாவின் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. அவர் கொடுத்தது 1,500 டாலர். ஒரு தனிமனிதர் தன் மத நம்பிக்கைப்படி கொடுத்த பணத்துக்காக வேலையை விட வேண்டுமா என்று தன்பாலீர்ப்பாளர்கள் மத்தியிலேயே சண்டை நடந்தது. அது இன்றுவரை தீராத சண்டை.

குறை சொன்னவர்கள்

புகழ்ச்சியைவிடக் குறைகள்தான் படிக்கச் சுவாரசியம். முதல் குறை, பெண்கள் எங்கே என்பது. பிரிக்ஸோடு 1978-ல் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஹார்வியின் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடியவர் சாலி கியர்ஹார்ட். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர், வெளிப்படையான லெஸ்பியன். குழந்தைகளைத் துன்புறுத்துபவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதிர்பால் ஈர்ப்புள்ள ஆண்களே என்று பிரிக்ஸின் வாயை அடைத்தவர். எப்ஸ்டீனின் ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் அவரை மறக்க முடியாது. 2008 படத்தில் அவர் இல்லவே இல்லை. மேடையில் ஹார்வி தனியாக நிற்கிறார். படத்தில் குறிப்பிடும்படியான பெண் என்றால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் ஆன் குரோனன்பர்க் ஒருவர்தான். நாயகன் ஒருவனே எல்லாம் செய்வான் என்பது நம் ஊர்ப் படங்களுக்கு மட்டும் உரிய நோய் இல்லை போலிருக்கிறது.

இரண்டாவது, டான் வைட். ஜாஷ் ப்ரோலின் அவரை வில்லனாக நடிக்கவில்லை; ஒட்டாத, அவமானப்பட்ட, குழம்பிய மனிதனாக நடித்தார். ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். கொலைகாரன்மீது இவ்வளவு பரிவு ஏன் என்று ஒரு தரப்பு. அவனும் நம்மில் ஒருவனாக இருக்கலாம் என்று ஹார்வி சொல்லும் வரிக்கு ஆதாரமே இல்லையே என்று இன்னொரு தரப்பு. இரண்டாவது ஆட்சேபம் எனக்குச் சரியாகப் படுகிறது. பகையை எல்லாம் மறைத்து வைத்த ஆசை என்று விளக்குவது திரைக்கதைக்கு வசதி. ஆனால் வைட்டின் பகையில் பதவியும் பணமும் வட்டார அரசியலும் நிறைய இருந்தன.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. படம் மெழுகுவர்த்தி ஊர்வலத்தோடு முடிகிறது. அமைதியாக, அழகாக, கண் கலங்கும்படி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1979 மே 21 அன்று டான் வைட்டுக்குக் கொலைக்குற்றத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த குற்றத்துக்கான தீர்ப்பே கிடைத்தது. தண்டனை ஏழு ஆண்டு எட்டு மாதம். தீர்ப்பு வந்த அன்றிரவு நகர மண்டபத்தின் கண்ணாடிகள் நொறுங்கின, போலீஸ் வண்டிகள் வரிசையாக எரிந்தன. பதிலுக்குப் போலீஸ் காஸ்ட்ரோ தெருவுக்குள் வந்து ஒரு மதுக்கூடத்தில் புகுந்து அடித்தது. இதெல்லாம் படத்தில் கடைசி எழுத்துகளோடு சரி. எரிந்த வண்டிகளைப் பார்த்த பழைய ஆட்களில் சிலருக்கு இது உறுத்தியது. கொல்லப்பட்டவருக்காக அழுதவர்களைக் காட்டியவர்கள், அதே ஆட்கள் கல்லெறிந்ததைக் காட்டவில்லை. 1984 ஆவணப்படம் காட்டியது.

வைட்டின் வழக்கறிஞர்கள் நொறுக்குத் தீனியைக் காரணம் காட்டி அவரைக் காப்பாற்றியதாக ஊரெங்கும் உலவும் கதையைக் கடைசி எழுத்துகள் அப்படியே தூக்கிக்கொண்டதும் ஒரு குறை. நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது, அவர் மனச்சோர்வில் இருந்தார், உணவுப் பழக்கம் மாறியது அதன் அறிகுறி என்பதே. இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் அந்த வகை வாதத்துக்கே சட்டத்தில் இடமில்லாமல் செய்தார்கள்.

ஜிம் ஜோன்ஸ் என்பவர் நடத்திய 'மக்கள் ஆலயம்' என்ற மதக் குழுவோடு ஹார்வி வைத்திருந்த அரசியல் உறவு படத்தில் இல்லை என்று வலதுசாரிகள் சொன்னார்கள். உண்மைதான், இல்லை. அன்றைய சான் பிரான்சிஸ்கோ அரசியல்வாதிகள் பலரும் அந்த ஆலயத்தின் தொண்டர் படையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹார்வியும் விதிவிலக்கு அல்ல. அந்தக் குழுவினர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் கயானாவில் மாண்ட ஜோன்ஸ்டவுன் மரணங்கள் ஹார்வி கொல்லப்படுவதற்கு ஒன்பதே நாள் முன்பு நடந்தவை. புனிதராக்கும் வேலையில் இறங்கிய படத்துக்கு அது தொந்தரவாக இருந்திருக்கும். ஷான் பென் அதே பருவத்தில் கியூபாவின் ராவுல் காஸ்ட்ரோவைச் சந்தித்து எழுதியது பற்றியும் சத்தம் வந்தது: தன்பாலீர்ப்பாளர்களை முகாம்களில் அடைத்த ஆட்சியைப் பாராட்டுபவர் ஹார்வியாக நடிப்பதா என்று தன்பாலீர்ப்பு எழுத்தாளர்களே கேட்டார்கள்.

ஒலி போன இடம்

2009 பிப்ரவரி 22. எட்டுப் பரிந்துரைகளில் இரண்டு ஆஸ்கர்: சிறந்த நடிகர், சிறந்த அசல் திரைக்கதை. பிளாக் மேடையேறி, தேவாலயமோ அரசோ குடும்பமோ உங்களைக் குறைவானவர்கள் என்று சொல்லியிருந்தாலும் நீங்கள் அழகானவர்கள், மதிப்புள்ளவர்கள் என்று தன்பாலீர்ப்புப் பிள்ளைகளை நோக்கிப் பேசினார். பென் 8ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்தவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார்.

ஆசியாவில் அந்த விழாவை ஒளிபரப்பியது ஸ்டார் தொலைக்காட்சி நிறுவனம். உரைகளில் 'கே', 'லெஸ்பியன்' என்ற சொற்கள் வந்த இடங்களில் ஒலியை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலும் அந்த ஒளிபரப்பு வந்தது. பிளாக்கின் உதடுகள் அசைகின்றன. யாரை நோக்கிப் பேசுகிறாரோ அந்தச் சொல் மட்டும் இல்லை. துண்டுப்பிரசுரத்தில் காணாமல் போன அதே சொல். மலேசியாவிலிருந்து எழுந்த கண்டனக் கடிதம் பல நாடுகளுக்குப் பரவியது. எல்லாச் சந்தைகளின் உணர்வுகளையும் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். மட்டமான பதில். விழாவில் கெட்ட வார்த்தைக்கும் இதே வைத்தியம்தானே செய்வார்கள்!

அந்த ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தது. சில நாள் கழித்து ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தவர்களின் ஒப்புதலுடனான உறவுக்குப் பொருந்தாது என்றது. இவற்றுக்கும் படத்துக்கும் தொடர்பு கிடையாது. அந்த வழக்கு 2001 முதல் நடந்துவந்தது. ஆனால் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒலி போன அதே ஆண்டில் மெரினா கடற்கரையில் அந்தச் சொற்கள் பதாகைகளில் போனதைச் சொல்லாமல் விடவும் மனமில்லை.

சமோவாவில் படத்துக்கே தடை. கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் சமோவா பண்பாட்டுக்கும் ஒவ்வாதது என்றது தணிக்கை. ஆணாகப் பிறந்து பெண் தன்மையோடு வாழும் ஃபாஃபாஃபினே மக்களைக் குடும்பத்தின் பகுதியாகவே ஏற்று வாழும் தீவு அது. அந்த மக்களின் சங்கமே தடையை எதிர்த்துப் பேசியது.

பொறுமை இழந்தவர்கள்

தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் தோல்விக்குப் பிறகு பெரிய அமைப்புகள் சொன்னது: பொறுமையாக, மாநிலம் மாநிலமாகப் போவோம், கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இப்போது போனால் தோற்றுவிடுவோம். இதைக் கேட்காமல் கிளம்பியவர்களில் இருவர் படத்திலிருந்தே வந்தவர்கள். கிளீவ் ஜோன்ஸ் 2009 அக்டோபரில் வாஷிங்டனில் தேசிய சமத்துவப் பேரணியை முன்னின்று நடத்தினார். பழைய அமைப்புகள் பல அதற்குப் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. டஸ்டின் லான்ஸ் பிளாக், 8ஆம் முன்மொழிவை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போன புதிய அமைப்பின் நிறுவனக் குழுவில் உட்கார்ந்தார். வழக்கு 2009 மே மாதம் தாக்கலானபோது, அவசரப்படுகிறார்கள் என்று அனுபவசாலி வழக்கறிஞர் அமைப்புகள் பகிரங்கமாகவே கவலைப்பட்டன. படத்தில் வந்த அந்தக் கூட்டம் திரும்ப நடந்தது என்றே சொல்லலாம். ஒரு பக்கம் நிதானமான பெரியவர்கள், இன்னொரு பக்கம் காத்திருக்க மாட்டேன் என்பவர்கள்.

2010 ஆகஸ்டில் நீதிபதி வான் வாக்கர் முன்மொழிவைச் செல்லாது என்றார். 2013 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு செய்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று தள்ளியது. இரண்டு நாளில் கலிபோர்னியாவில் திருமணங்கள் மீண்டும் தொடங்கின. வழக்குப் போட்டவர்கள் விரும்பிய நாடு தழுவிய தீர்ப்பு அந்த வழக்கில் வரவில்லை, 2015-ல் வேறு வழக்கில்தான் வந்தது. ஆகவே யார் சொன்னது சரி என்பதில் இரு தரப்பும் இன்றும் தாங்களே என்கின்றன.

அரசின் எதிர்வினையை அளப்பது இதைவிட எளிது. ஹார்வியின் பிறந்தநாளான மே 22-ஐ மாநிலச் சிறப்பு நாளாக்கும் மசோதாவை 2008-ல் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் நிராகரித்தார். ஹார்வியை உள்ளூர் அளவில் கௌரவித்தால் போதும் என்றார். ஓராண்டில், படமும் ஆஸ்கரும் வந்த பிறகு, 2009 அக்டோபரில் அதே ஆளுநர் அதே மாதிரி மசோதாவில் கையெழுத்திட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்பு அதிபர் ஒபாமா ஹார்விக்கு அதிபர் சுதந்திரப் பதக்கம் அறிவித்து வழங்கியிருந்தார்.

கடற்படை ஒரு கப்பலுக்கு அவர் பெயரை வைத்தது. 2021 நவம்பரில் நீரில் இறக்கினார்கள். 2025 ஜூனில் பாதுகாப்புத் துறை அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தது. ஹார்வியைப் படத்தின் வழியாக மட்டும் தெரிந்துகொண்ட பலருக்கு, கடற்படைக் கப்பலுக்கும் ஒரு கேமரா கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்ற குழப்பம் அப்போது வந்தது. படத்தில் அவருடைய கதை நாற்பதாவது பிறந்தநாளின் முந்தின இரவில்தான் தொடங்குகிறது. கடற்படை அதிகாரியாக இருந்தவர் 1955-ல் தன்பாலீர்ப்பு காரணமாகக் கௌரவக் குறைவான முறையில் வெளியேற்றப்பட்ட கதை அதில் இல்லை.